முப்பது கிலோ பஞ்சும் ஒரு பொய்ச்சாட்சியும்

அத்தியாயம் 6

திருடு போனது தங்கமாக இருந்தால் யோகேஸ்வரிக்கு வேலை சுலபம். தங்கத்தை விழுங்கலாம், கொண்டையில் சொருகலாம், பல்லில் கட்டலாம். சுப்புராஜின் கம்பெனியில் காணாமல் போயிருந்தது பஞ்சு. முப்பது கிலோ.

"முப்பது கிலோ பஞ்சுன்னா எம்புட்டுன்னு தெரியுமாக்கா?" பெனின் வண்டிக்கு ஸ்டாண்டு போட்டுக்கொண்டே கேட்டான். "எங்க வீட்டு மெத்தை எட்டு கிலோ. அதை மாடிக்கு ஏத்தி முடிக்கதுக்குள்ள எங்க மாமாமாரு ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லாமப் போச்சு. இந்தப் புள்ள அப்படி நாலு மெத்தைய சாப்பாட்டுப் பையில வச்சுக் கொண்டு போயிருக்கு. இவளைப் போலீசுல குடுக்கக் கூடாது. சர்க்கஸ்ல சேத்து விடணும்."

"வாயை மூடிட்டு வாலே," என்றாள் யோகேஸ்வரி. சிரிப்பை அடக்கியதில் குரல் தேவைக்கு மேல் கடுமையாக வந்தது.

ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு ஜூஸ் கடையின் மாடியில் 'யோகா துப்பறியும் நிலையம்' இருக்கிறது. பலகையின் முதல் வார்த்தையை மட்டும் படித்துவிட்டு மூச்சுப் பயிற்சிக்கு வந்து நிற்பவர்களே அதிகம். யோகேஸ்வரி படித்தது புள்ளியியல். அவள் குடும்பத்தில் டிகிரி என்ற வார்த்தைக்கு அதுவரை காய்ச்சல் என்று மட்டும்தான் அர்த்தம். இதைப் படித்து என்ன செய்யப் போகிறாய் என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. ஒரு வேலை சொல்லிவிட்ட சொந்தக்காரரும் கிடையாது. பெனின் அவளுடைய உதவியாளன். பிளஸ் டூ கணக்கில் இரண்டு முறை தோற்றவன். வண்டி நன்றாக ஓட்டுவான், அதைவிட நன்றாக வாயடிப்பான்.

அன்று காலை அந்த மாடிக்கு மூச்சுப் பயிற்சிக்கு அல்லாமல் வந்த ஒரே ஆள் கேத்ரின். சுப்புராஜின் கம்பெனியில் பஞ்சு ரோல் சுற்றும் பெண். அவளும் படித்தவள்தான், லேப் டெக்னீசியன். அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் வேலைக்குத் தேர்வாகிவிட்டாள். நன்னடத்தை பற்றிய போலீஸ் விசாரணை முடிந்து ஆர்டர் கைக்கு வரும்வரை சும்மா இருப்பானேன் என்று பஞ்சு சுற்றப் போனாள். இப்போது முதலாளி அவளைத் திருடி என்கிறார். சாயங்காலத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஏட்டு வருவார், புகார் எழுதப்படும்.

"என் மேல ஒரு புகார் விழுந்தா போதும்க்கா," என்றாள் கேத்ரின். அழவில்லை. அழுது முடித்துவிட்டு வந்த முகம் அது. "அது பொய்யின்னு கோர்ட்டு சொல்லதுக்குள்ள என் வேலைக்கு வேற ஆள் வந்து ரிட்டயரே ஆயிருவாவ."

அதனால்தான் இப்போது செட்டியார்பட்டி போகிற ரோட்டில், ஒரு தகரக் கூரைக்கு முன்னால் இருவரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

உள்ளே நடக்கிற வேலையில் சூட்சுமம் ஒன்றும் இல்லை. மூட்டையில் வரும் மருத்துவப் பஞ்சை நூறு கிராம் நூறு கிராமாக நிறுத்து, நீலத்தாளோடு சுற்றி, கவரில் போட்டு, மருந்துக் கடைகளுக்கு அனுப்ப வேண்டும். நான்கு மேஜை, நான்கு பெண்கள். மேஜைக்கு ஒரு தட்டுத் தராசு, ஒரு நூறு கிராம் எடைக்கல். கரன்ட் தராசு வாங்கிப் பார்த்தாராம் சுப்புராஜ். பஞ்சுத் தூசி புகுந்து மூன்று தராசு செத்துப் போயிற்று. யார் சுற்றிய ரோல் என்று தெரிய, ஆளுக்கு ஒரு நிறத்தில் ஸ்டிக்கர். மூத்தவள் அன்னத்தாய்க்குச் சிவப்பு. அடுத்த இருவருக்கும் மஞ்சள், நீலம். கேத்ரினுக்குப் பச்சை.

சுப்புராஜ் போனில் தெலுங்கிலும் நேரில் தமிழிலும் கோபப்படுகிற ஐம்பது வயதுக்காரர். வேலை நடக்கிற கூடத்துக்குள் அவர்களை விடவில்லை. வெளியாள் நுழைந்தால் பெண்களின் கவனம் கெடுமாம். ஆயுத பூஜை முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியும் கம்பெனி பூஜைக் கோலம் கலையாமல் இருந்தது. கதவு, சுவிட்ச் போர்டு, அவருடைய புல்லட்டின் ஹெட்லைட், எங்கு பார்த்தாலும் சந்தனம், அதன் மேல் குங்குமம். சாமிக்கு வைத்ததைத் துடைக்கக் கூடாது, தானாக உதிரவேண்டும் என்பது அங்கே சட்டம்.

அவர் தன் வழக்கை அடுக்கினார். பூஜை வரைக்கும் ஒரு கிராம் நட்டம் கிடையாது. கேத்ரின் வேலைக்குச் சேர்ந்தது மறுநாள், விஜயதசமி அன்று. நல்ல நாள் என்று அவரேதான் அன்றைக்கு வரச் சொன்னார். புது மேஜை வாங்கிப் போட்டார். அன்றிலிருந்து வந்த பஞ்சுக்கும் போன ரோலுக்கும் கணக்கு உதைக்கிறது.

"அவ வந்தா, பஞ்சு போச்சு," என்றார். "இதுக்கு மேல என்னம்மா துப்பறியணும்?"

அதுதான் சாட்சியா என்று யோகேஸ்வரி கேட்டாள். அவர் அதற்காகவே காத்திருந்தவர் போல நிமிர்ந்தார். நான்கு பேருடைய ரோலையும் அவரே எடுத்து, கவரும் தாளும் நீக்கி, அன்னத்தாயின் தராசில், அன்னத்தாயின் கல்லுக்கு எதிரே வைத்துப் பார்த்திருக்கிறார். மூன்று பேர் ரோலுக்கு முள் அசையாமல் நின்றது. கேத்ரினின் ரோல் மட்டும் மேலே ஏறியது. ஒன்றல்ல, வைத்தது அத்தனையும்.

"எல்லாத்தையும் சேத்து ஆவரேஜும் போட்டேன். அவதான் ஆவரேஜுக்குக் கீழ. ரோலுக்கு ரெண்டு கிராம் மூணு கிராம் கொறச்சு, மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டு போயிருக்கா. பூஜைக்குப் பொறவு அந்த மூணு பேரு மட்டும் பத்தாயிரம் ரோல் சுத்தியிருக்காளுக. அவளுக மேல ஒரு குத்தம் உண்டா? படிச்ச புள்ள மூளையே தனிதான்."

'படிச்ச புள்ள' என்பதை அவர் சொன்ன விதத்தில் யோகேஸ்வரிக்குக் காது சுட்டது. நிறையப் பேர் வாயில் அதை இதே தொனியில் கேட்டிருக்கிறாள். ரோல்கள் எங்கே போகின்றன என்று மட்டும் கேட்டாள். இங்கேயும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் எல்லா மருந்துக் கடையிலும் நம்ம ரோல்தான் என்றார் சுப்புராஜ், பெருமையாக.

•

மருந்துக் கடைக்காரர்களிடம் அன்று பெனின் பட்ட பாடு கொஞ்சமல்ல. யோகேஸ்வரியின் உத்தரவுப்படி கடைக்கு இரண்டு மூன்று ரோல்தான் வாங்க வேண்டும். நிறத்துக்கு ஆறு, மொத்தம் இருபத்து நாலு. நிறம் பிரித்து வைத்த பிறகு, ரோலைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டும்.

"கண்ணை எதுக்கு மூடணும்?"

"தொறந்தா நீ குண்டு ரோலாப் பாத்து எடுப்ப. உன் புத்தி அது."

ராஜபாளையத்தில் பாதி, ஸ்ரீவில்லிபுத்தூரில் பாதி என்று வாங்கினார்கள். தேரடி பக்கத்துக் கடைக்காரர் ஒருவர், கண்ணை மூடிக்கொண்டு அலமாரியைத் தடவுகிற பெனினைப் பரிதாபமாகப் பார்த்து, வீட்டில் யாருக்காவது பெரிய அடியா என்று விசாரித்தார். "இன்னும் படல," என்றான் பெனின். "சாயங்காலம்தான் ஒருத்தருக்குப் படப்போகுது."

நிறுத்துப் பார்க்க யோகேஸ்வரி தேர்ந்தெடுத்த இடம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே ஒரு நகைக்கடை. அவளோடு கல்லூரியில் படித்த விஜி அங்கே வேலை பார்த்தாள். மேனேஜர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் பின்னறைத் தராசைத் திறந்துவிட்டாள். ஒரே ஒரு நிபந்தனை. கவரைப் பிரிக்கக் கூடாது. ஒரு இழை பறந்து போய் எவளோ ஒருத்தியின் ஒட்டியாணத்தில் ஒட்டினாலும் தன் வேலை போய்விடும் என்றாள்.

"கவரோட நிறுத்தா கவர் எடையும் சேருமேக்கா?"

"எல்லாத்துலயும் ஒரே கவர்தான? சேரட்டும். பொறவு மொத்தமாக் கழிச்சுக்கலாம்."

பெனின் போனில் எழுதிக்கொள்ளப் போனான். அவள் தடுத்தாள். இருபத்து நாலு எண்ணை வரிசையாக எழுதினால் அது வெறும் பூச்சிக் கூட்டம், ஒன்றும் விளங்காது. அங்கிருந்த நீளப் பெஞ்சைக் காட்டினாள். எடை குறைவு இடது பக்கம், கூடுதல் வலது பக்கம். ஒரே எடை வந்தால் ஒன்றின்மேல் ஒன்று. அவ்வளவுதான் கணக்கு.

அடுக்கி முடித்தபோது பெஞ்சில் இரண்டு கோபுரம் நின்றது. இடது பக்கம் ஒரு குட்டைக் கோபுரம், நூற்று நாலு கிராமை ஒட்டி. வலது பக்கம் நெட்டைக் கோபுரம், நூற்றேழை ஒட்டி. நடுவில் ஒரு ஆள் உட்காரலாம் போல வெற்றிடம்.

"இப்ப அந்த முதலாளி மாதிரி ஆவரேஜ் போடு," என்றாள்.

பெனின் போனைத் தட்டினான். நூற்று ஆறு, கொஞ்சம் சில்லறை.

"அந்த எடையில ஒரு ரோல் எடுத்துக் குடு பாப்போம்."

அவன் பெஞ்சைப் பார்த்தான். அவன் கை வெற்றிடத்தில் போய் நின்றது. "இல்லியே."

"இருபத்து நாலு ரோலுக்கும் பிரதிநிதியாம் அது. ஆனா அது மாதிரி இங்க ஒரு ரோலும் கெடையாது."

பெனினுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. அவனுக்குப் புரிவதெல்லாம் அவன் தெரு வழியாகத்தான். "எங்க தெருவுல ஆறு வீடு. ஒரு வீட்டுல ஆறு நாய், மத்த அஞ்சு வீட்டுல ஒண்ணும் கெடையாது. ஆவரேஜ் பாத்தா வீட்டுக்கு ஒரு நாய். ஆனா என்னை வெரட்டுனது அம்புட்டும் ஒரே வீட்டு நாய்தான்."

அடுத்து ரோல்களை ஒரே வரிசையாக நிறுத்தச் சொன்னாள். இரண்டு முனையிலிருந்தும் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் நடுவில் மிஞ்சுவது எது? மிஞ்சியது நூற்றேழு பக்கத்து ரோல்கள். இதுதான் இடைநிலை என்றாள். இடைநிலை நூற்றேழு என்கிறது, சராசரி நூற்றாறு என்கிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஒரு பக்கம் எவனோ காலைப் பிடித்து இழுக்கிறான் என்று அர்த்தம். கோபுரம் ஆடினால் சராசரி ஓடிப் போய்ச் சாயும், இடைநிலை லேசில் இடத்தை விட்டு நகராது.

"இழுக்கது யாருன்னு பாரு."

பெனின் குட்டைக் கோபுரத்தைப் புரட்டினான். ஏழு ரோல். அவன் முகம் மாறியது.

ஆறு பச்சை, ஒரு சிவப்பு.

கேத்ரின் சுற்றிய ஆறும் அங்கேதான் கிடந்தன. நெட்டைக் கோபுரத்தில் பெயருக்குக்கூட ஒரு பச்சை இல்லை. சுப்புராஜ் சொன்னது அச்சு அசலாக அப்படியே இருந்தது. மற்றவர்கள் ரோலைவிட கேத்ரினின் ஒவ்வொரு ரோலும் மூன்று கிராம் குறைவு. நகைக்கடைத் தராசுக்கு அவள்மேல் பகை ஒன்றும் இருக்க முடியாது.

விஜி வாசலில் நின்று மேனேஜர் வருகிறாரா என்று பார்த்துக்கொண்டே, பாவம், ஆர்டர் வர்ற நேரத்தில் இந்தப் புள்ளைக்கு ஏன் இந்தப் புத்தி என்றாள். தன்னிடம் உதவி கேட்டு வந்தவளைத் தன் பெஞ்சே மாட்டிவிட்ட கோபத்தில் யோகேஸ்வரி பல்லைக் கடித்தாள். பிறகு அந்த ஒற்றைச் சிவப்பு ரோலைக் கையில் எடுத்தாள்.

"அதை விடுக்கா. அது கூட்டத்துல சேராத கேசு. தூக்கித் தள்ளிட்டுக் கணக்குப் போடு."

"கூட்டத்துல சேராதவனைத்தாம்லே முதல்ல விசாரிக்கணும்."

விசாரித்தாள். கவரில் தூசி படிந்திருந்தது. விற்காமல் ஒரு மூலையில் கிடந்த சரக்கு. அச்சடித்திருந்த மாதம் செப்டம்பர். மற்ற இருபத்து மூன்றும் பூஜைக்குப் பிறகு சுற்றியவை.

ஆக, பூஜைக்கு முன்னால் அன்னத்தாயும் கேத்ரினைப் போலத்தான் சுற்றியிருக்கிறாள். பூஜைக்குப் பின்னால் அவள் ரோல் மூன்று கிராம் ஏறியிருக்கிறது. மஞ்சளும் நீலமும் அவளோடு சேர்ந்து நிற்கின்றன. யோகேஸ்வரி பச்சை ஆறையும் ஒரு பக்கம் வைத்தாள். புதுச் சிவப்பு ஐந்தையும் எதிரே வைத்தாள். பச்சையில் மிகக் கனத்த ரோலுக்கும் மிக லேசான ரோலுக்கும் இடையே ஒரு கிராம்கூட இல்லை. சிவப்பிலும் அப்படியே.

"இதுக்குப் பேரு வீச்சு," என்றாள், மெதுவாக. "திருடுற கை இம்புட்டு ஒழுங்கா இருக்காதுலே. ஒரு நாள் அஞ்சு கிராம் எடுப்பா. முதலாளி பாக்காருன்னா ஒண்ணும் எடுக்க மாட்டா. கோபுரம் செதறிக் கெடக்கும். இங்க எதுவும் செதறல. ஒரு கூட்டம் வரிசை கலையாம, அப்படியே மூணு கிராம் தள்ளிப் போய் நிக்கி."

ஒரு பச்சை ரோலை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனாள். ஒட்டியாணங்களுக்கு ஆபத்தில்லாத தூரத்தில் நின்று கவரைப் பிரித்தாள். பஞ்சை பெனின் கையில் கொடுத்துவிட்டு, கவரையும் நீலத்தாளையும் மட்டும் கொண்டுவந்து தராசில் வைத்தாள்.

நாலு கிராம்.

"எல்லாத்துலயும் நாலைக் கழி."

"கழிச்சா பச்சை நூறு," என்றான் பெனின் வாசலுக்கு வெளியிலிருந்து, கையில் மேகத்தோடு. "மத்ததெல்லாம் நூத்தி மூணு." இரண்டு அடி நடந்தான். நின்றான். "லேபிள்ல போட்டிருக்கது நூறு."

முதலில் சிரித்தது விஜிதான்.

கேத்ரின் மூன்று கிராம் குறைக்கவே இல்லை. மற்ற மூவரும் மூன்று கிராம் கூட்டியிருக்கிறார்கள். கூட்டியவர்கள் மூன்று பேர், சரியாகப் போட்டவள் ஒருத்தி. எல்லோரையும் சேர்த்துச் சராசரி போட்டதும் அது பெரிய கூட்டத்துப் பக்கம் சாய்ந்து நின்றுகொண்டு, தனியாக நிற்கிறவளைக் கை காட்டிவிட்டது. சாட்சிக் கூண்டில் ஏறிப் பொய் சொன்னது சராசரி. அதை நம்பியவர் சுப்புராஜ். அவர் வைத்த எதிர்க்கல் அன்னத்தாயுடையது. அதுவும் அந்தக் கூட்டத்துக் கல்.

"பத்தாயிரம் ரோலு," என்றாள் யோகேஸ்வரி. "ரோலுக்கு மூணு கிராம். எம்புட்டு?"

கணக்கில் இரண்டு முறை தோற்றவன் போனைத் தொடாமலே சொன்னான். "முப்பது கிலோ." பிறகு குரலைத் தாழ்த்தினான். "அப்ப திருடன் யாருக்கா? மூணு பேரும் கூட்டா?"

"மூணு பேரு கூட்டுச் சேந்தா ஒருத்தி ரெண்டு கிராம் கூட்டுவா, ஒருத்தி நாலு கூட்டுவா. மூணு மேஜையிலயும் ஒண்ணு போல ஏறியிருக்குன்னா அது ஆளே இல்ல. மூணு பேரு கையிலயும் இருக்க ஒரு பொருளு. கேத்ரின் கையில மட்டும் அது இல்ல."

விஜியிடம் பாக்கெட் தராசு ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டார்கள். ராஜபாளையம் போகிற ரோட்டில் பெனின் ஓட்டிய வேகத்துக்கு, லாரிக்காரர்களே ஒதுங்கி வழிவிட்டார்கள்.

•

ஏட்டு இன்னும் வந்திருக்கவில்லை. யோகேஸ்வரி இந்த முறை அனுமதி கேட்கவில்லை. நேராகக் கூடத்துக்குள் நுழைந்து அன்னத்தாயின் மேஜை முன்னால் நின்றாள். சுப்புராஜ் பின்னாலேயே ஓடிவந்தார். கேத்ரின் தன் மேஜையில் சும்மா உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பஞ்சு கொடுப்பதை நிறுத்தியிருந்தார்கள்.

தராசுத் தட்டில் அன்னத்தாயின் எடைக்கல் இருந்தது. கல்லின் தலையில் ஒரு குழி இருக்கும். அந்தக் குழி தெரியவில்லை. குழி நிறையச் சந்தனம், மேலே குங்குமம், காய்ந்து இறுகி, அதன்மேல் பஞ்சு இழை படிந்து, கல்லுக்கு நரைமுடி வளர்ந்தது போல் இருந்தது.

"இந்தக் கல்லை இதுல வைங்க அம்மா," என்று பாக்கெட் தராசை நீட்டினாள்.

சாமிக்கு வைத்த கல்லை வெளித் தராசில் வைப்பதாவது என்று சுப்புராஜ் குறுக்கே வந்தார். அன்னத்தாய் அவரைப் பார்த்தாள், யோகேஸ்வரியைப் பார்த்தாள், பிறகு கேத்ரினைப் பார்த்தாள். கல்லை எடுத்து அவளே வைத்தாள்.

நூற்று மூன்று.

மஞ்சள் மேஜைக் கல்லும் நூற்று மூன்று, ஒரு நூல் குறைவாக. நீல மேஜைக் கல் ஒரு நூல் கூடுதலாக. கடைசியாகக் கேத்ரினின் கல். அதன் குழி காலியாக, கடையில் வாங்கிய பளபளப்போடு இருந்தது. அவள் சேர்ந்தது பூஜைக்கு மறுநாள். மேஜை புதுசு, தராசு புதுசு, கல்லும் புதுசு. அந்தக் கம்பெனியில் பூஜைக்கு வராத ஒரே கல் அதுதான்.

நூறு. புள்ளிக்குப் பிறகு பூஜ்யம்.

தலைக்கு மேல் மின்விசிறி தடதடத்துக்கொண்டிருந்தது.

"கல்லு கனத்தா எதிர்த் தட்டுல பஞ்சும் கூடத்தான் போடணும்," என்றாள் யோகேஸ்வரி. "மூணு பேரும் முள்ளு நேரா நிக்கிற வரைக்கும் போட்டிருக்காவ. அவிய மேல தப்பு இல்ல. நீங்க நிறுத்துப் பாத்ததும் இதே கல்லு வச்சுத்தான். அதான் இவ ரோலு மேல ஏறியிருக்கு."

சுப்புராஜின் வாய் இரண்டு முறை திறந்து மூடியது. முதல் முறை வந்தது, "தேவுடா." இரண்டாவது முறை உண்மை. வருஷா வருஷம் அவர் கல்லுக்குப் பொட்டு வைப்பது வழக்கம்தான். இந்த வருஷம் வியாபாரம் பெருகட்டும் என்று, பொட்டோடு நிறுத்தாமல் குழியை நிரப்பிவிட்டார்.

"பெருகிருச்சே சார்," என்றான் பெனின். "ரோலுதான் பெருகியிருக்கு. ஊரு பூரா உங்க புண்ணியத்துல மூணு கிராம் கூடக் கட்டுப் போட்டிருக்கு."

சுப்புராஜ் அவனைக் கவனிக்காதவர் போலத் தோள் துண்டைச் சரிசெய்தார். பெரிய மனிதர்கள் தப்பிப்பதற்கென்று ஒரு பாதை எப்போதும் போட்டு வைத்திருப்பார்கள். அவர் அதில் நடக்கத் தொடங்கினார். சாமி காரியத்தில் நடந்துபோச்சு, இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. நடந்தது நடந்துபோச்சு. அந்தப் பெண் பேசாமல் வேலையைப் பார்க்கட்டும், தான் ஒன்றும் மனசில் வைத்துக்கொள்ளவில்லை.

"நீங்க மனசுல வைக்கலையா?" யோகேஸ்வரியின் குரல் உயரவில்லை. அது உயராதபோதுதான் பெனின் ஓரடி பின்னால் தள்ளி நிற்பான். "முப்பது கிலோவுக்கு அவ காரணம்னா திருட்டு, போலீசு. நீங்க காரணம்னா சாமி காரியம். இது எந்தத் தராசு சார்?"

அவர் தோள் துண்டை மறுபடியும் இழுத்துவிட்டபோது வாசலில் புல்லட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு வண்டி வந்து நின்றது. ஏட்டு மலைச்சாமி தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்தார். பஞ்சுத் தூசியில் இரண்டு தும்மல் போட்டார். காலையிலேயே போன் போட்டு வரச் சொல்லியிருந்தவர் சுப்புராஜ்தான். இப்போது அவரே இந்த உலகத்தில் ஏட்டு என்று ஒரு பதவி இருப்பதையே விரும்பாதவர் போல் நின்றார்.

"களவு போனது என்ன சார்?" மலைச்சாமி பேனாவைத் திறந்தார்.

"பஞ்சு." சுப்புராஜ் தொண்டையைச் செருமினார். "முப்பது கிலோ."

"சரக்கு இப்ப எங்க இருக்கும்னு ஏதும் தெரியுமா?"

"தெரியும். ராஜபாளையத்துலயும் ஸ்ரீவில்லிபுத்தூர்லயும். எல்லா மருந்துக் கடையிலயும்."

மலைச்சாமியின் பேனா நின்றது. இருபது வருஷ சர்வீசில் இவ்வளவு தெளிவாகச் சரக்கு இருக்கிற இடத்தைச் சொன்ன ஒரு புகார்காரரை அவர் பார்த்ததில்லை.

"கொண்டு போனது யாரு?"

சுப்புராஜ் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். அன்னத்தாய் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சளும் நீலமும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யோகேஸ்வரி கண் சிமிட்டவே இல்லை. தப்பிக்கும் பாதையில் நாலு பெண்களும் ஒரு பாக்கெட் தராசும் உட்கார்ந்திருந்தால் எந்தப் பெரிய மனிதராலும் தாண்ட முடியாது.

"நான்தான்," என்றார். "நானேதான் அனுப்பியிருக்கேன். கல்லுல தப்பு. களவு ஒண்ணும் இல்ல."

ஏட்டு பேனாவை மூடினார். மூடும்போது பச்சை மேஜைப் பக்கம் திரும்பி, போனில் நீங்க சொன்ன புள்ள இதுதானா, பேர் என்ன என்றார். கேத்ரின் எழுந்து நின்று பெயரையும் அப்பா பெயரையும் சொன்னாள். அவர் புருவத்தைச் சுருக்கினார். ஆஸ்பத்திரி வேலைக்கு விசாரிக்கச் சொல்லி அந்தப் பெயரில் ஒரு தாள் தன் மேஜையில் கிடக்கிறது என்றார். எப்படியும் ஒரு நாள் வந்து விசாரிக்க வேண்டியதுதான்.

"வந்தது வந்துட்டேன். இங்கயே கேட்டுக்கிடுதேன்." சுப்புராஜிடம் திரும்பினார். "நீங்கதான முதலாளி. புள்ள எப்படி?"

கேத்ரின் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மூன்று வருஷப் படிப்பும் ஒரு பரிட்சையும் ஒரு வேலையும், அந்த மனிதரின் அடுத்த வார்த்தைக்காக வரிசையில் நின்றன.

சுப்புராஜ் தரையைப் பார்த்தார்.

"நல்ல புள்ள," என்று முனகினார். "இந்தக் கம்பெனியில நூறு கிராம்னா நூறு கிராம் போடுத ஒரே ஆளு."

ஏட்டு தலையாட்டிவிட்டுத் தொப்பியை எடுத்தார். அவருக்கு அது போதும். யோகேஸ்வரிக்கும் போதும், பாக்கெட் தராசை மடக்கிப் பையில் போட்டுவிட்டாள். பெனின் வாயைத் திறக்கப் போனான். அதற்குள் கேத்ரின் மேஜையை விட்டுக் கையை எடுத்தாள். முகத்தில் பணிவு அப்படியே இருந்தது. கண்ணில் மட்டும் ஏதோ விஷமம் எட்டிப் பார்த்தது.

"மின்விசிறிச் சத்தத்துல ஏட்டையாவுக்குச் சரியாக் கேட்டிருக்காது சார்," என்றாள். "இன்னொரு தடவை சொல்லுங்க."

மின்விசிறியை அன்னத்தாய் எழுந்து போய் நிறுத்தினாள்.

சுப்புராஜ் இன்னொரு தடவை சொன்னார்.